ஆறடிக்குள் நடப்பவரின் கணக்கு
தமிழில் வினாப்படிவம் தயாரிக்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

பினாங்கில் பொதுச் சுகாதாரம், மருந்தியல், விளையாட்டு அறிவியல் என்று ஏதோ ஒரு துறையில் முதுகலையோ முனைவர் பட்டமோ படித்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த மடல். உங்கள் மேற்பார்வையாளர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை. துறையில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நீங்கள் என்பதால்தான் மொழிபெயர்க்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. "இந்த உடலியக்க பாரத்தை உன் மொழியில் போட்டுக் கொடு, திங்கட்கிழமை கிளினிக்கில் தொடங்க வேண்டும்" என்கிறார்கள். நீங்களும் இரவோடு இரவாகப் போட்டுவிடுகிறீர்கள். பிறகு என்னைப் போல ஓய்வுபெற்ற தாதிக்கோ, தெரிந்த தமிழாசிரியருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஆண்ட்டி, இதைத் திரும்ப இங்கிலீஷில் மாற்றித் தாங்க" என்கிறீர்கள். மூல இங்கிலீஷும் நாங்கள் தரும் இங்கிலீஷும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. பிற்பாடு ஆய்வேட்டில் ஒரு வரி வருகிறது: "சரிபார்க்கப்பட்ட தமிழ்ப் படிவம் பயன்படுத்தப்பட்டது."

அந்த ஒரு வரிக்காகத்தான் உங்களிடம் சண்டைக்கு வந்திருக்கிறேன். யார் சரிபார்த்தது? எதை எதோடு வைத்துச் சரிபார்த்தீர்கள்? ஒரு தாளை இன்னொரு தாளோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அந்தத் தாளில் பதில் சொன்ன மனிதரின் உடம்போடு ஒப்பிடவே இல்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று கேட்பீர்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று வந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அந்த எண் வெளிவந்ததிலிருந்து, "உங்க ஆளுங்க உடம்பை அசைக்க மாட்டாங்க" என்ற பேச்சைக் காத்திருப்பு அறையிலிருந்து கல்யாண மண்டபம் வரை கேட்டாகிவிட்டது. சொல்பவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். சர்க்கரையை விரல் நுனி இரத்தத்தில் அளந்தார்கள். அசைவை வாய்ச்சொல்லில் அளந்தார்கள். அதே 2019இல் நாட்டில் நாலில் ஒருவருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்றார்கள். 2023இல் அது 29.9 விழுக்காடு, ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இவை கேட்டு எழுதிய எண்கள். கேட்டு எழுதுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பேரிடம் வேறு எப்படித்தான் கேட்பது? இரத்தப் பரிசோதனைக் கருவியை எத்தனை தடவை சரிபார்த்து வாங்குகிறோமோ, அதில் பாதிக் கவனமாவது கேள்விக்கும் வேண்டும் என்கிறேன்.

நீங்கள் மொழிபெயர்க்கும் பாரம் பெரும்பாலும் ஐபாக் குறும்படிவம். 1990களின் கடைசியில் ஜெனீவாவில் கூடிய அறிஞர்கள் உருவாக்கியது. 2000ஆம் ஆண்டில் 12 நாடுகளில் 14 நிலையங்களில் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பன்னிரண்டில் ஆசியாவிலிருந்து ஜப்பான் மட்டும் இருந்தது. இந்தியாவும் இல்லை, மலேசியாவும் இல்லை. அந்த முடிவை முழுதாகப் படித்தீர்களா? ஒரே ஆளிடம் சில நாள் கழித்து மறுபடி கேட்டபோது ஒட்டுறவு 0.8 அளவில் வந்தது. இடுப்பில் கட்டிய முடுக்கமானியோடு ஒப்பிட்டபோது 0.3 அளவில்தான் நின்றது. முதல் எண் நம்பகம், இரண்டாவது ஏற்புடைமை. பாசாரில் ஒரு தராசு ஒவ்வொரு தடவையும் கிலோவுக்கு நூறு கிராம் கூட்டிக் காட்டினால் அது நம்பகமான தராசுதான்; வாங்குகிறவருக்கு நஷ்டமும் நம்பகமாக வரும். நீங்கள் ஆய்வேட்டில் எடுத்துப் போடுவது பெரும்பாலும் 0.8ஐத்தான். 0.3 எங்கே போனது?

அதன்பின் 2011இல் குறும்படிவத்தைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு வந்தது. கருவி காட்டியதைவிட ஆட்கள் சொன்னது சராசரியாக 84 விழுக்காடு அதிகமாக இருந்தது என்று அது சொல்கிறது. முறையாகச் சோதித்த இடங்களிலேயே இந்த நிலைமை என்றால், அதைத் தமிழுக்குக் கொண்டுவந்து, பினாங்கில் ஒரு கிளினிக்கின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயது அம்மாவிடம் கேட்கும்போது என்ன ஆகும்? போதாக்குறைக்கு, அந்தப் பாரம் 15 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கென்று செய்யப்பட்டது.

இரண்டு பேரைக் காட்டுகிறேன்.

லிட்டில் இந்தியாவுக்கு அந்தப் பக்கம், நாசி கண்டார் கடையில் குழம்பு ஊற்றும் ஓர் அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் நிற்க ஆரம்பித்தால் இரவில்தான் கால் ஓயும். குழம்புச் சட்டிகளுக்கும் கல்லாவுக்கும் நடுவே ஆறடி. அந்த ஆறடிக்குள் போவதும் வருவதும், பின்கட்டிலிருந்து சோற்று அண்டாவைத் தூக்கி வருவதும், மேசையைத் துடைத்துவிட்டு ஓடி வந்து அடுத்த தட்டை வாங்குவதுமாகப் பொழுது போகிறது. அவரிடம், "கடந்த ஏழு நாளில் ஒரே தொடர்ச்சியாகக் குறைந்தது பத்து நிமிடம் எத்தனை நாள் நடந்தீர்கள்?" என்று கேளுங்கள். "நடக்க எங்கம்மா நேரம்? கடையிலேயேதான நிக்கிறேன்" என்பார். நீங்கள் பூஜ்யம் போடுவீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. நீங்களும் தப்பாக எழுதவில்லை. பத்து நிமிடத்துக்குக் குறைந்ததைக் கணக்கில் சேர்க்காதே என்று அந்தப் பாரத்தின் விதியே சொல்கிறது. கணினியில் ஏற்றினால் அவர் "குறைந்த உடலியக்கம்" என்ற பெட்டியில் போய் உட்காருவார். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்தப் பத்து நிமிட நிபந்தனையையே எடுத்துவிட்டது. எந்தச் சிறு அசைவும் கணக்குத்தான் என்கிறது. நாம் இன்னும் பழைய பாரத்தைப் புதுத் தமிழில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தவர் கிளினிக்கில் முட்டி வலியோடு காத்திருக்கும் ஓர் அம்மா. பக்கத்தில் மருமகள். "வீட்டு வேலை, கூட்டிப் பெருக்குவது மாதிரி நடுத்தரமான வேலை செய்றீங்களா?" என்று கேட்கிறீர்கள். மருமகள் பக்கத்தில் இருக்கும்போது "இல்லை" என்று எந்த மாமியார் சொல்வார்? "எல்லாம் நான்தானே பாக்குறேன், தினமும் ரெண்டு மணி நேரம் ஆகும்" என்கிறார். மருமகள் சுவரைப் பார்க்கிறாள். நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். நடுத்தர இயக்கத்துக்கு ஆற்றல் அளவு நாலு மெட், அதை 120 நிமிடத்தால் பெருக்கி, ஏழு நாளால் பெருக்கினால் 3360. ஏழு நாளும் இயங்கி 3000ஐத் தாண்டினால் "உயர்ந்த உடலியக்கம்". முட்டி வலிக்கார அம்மா உயர்ந்த பெட்டியில். நாள் முழுதும் அண்டா தூக்கும் அண்ணன் தாழ்ந்த பெட்டியில். இதை வைத்துக்கொண்டு சர்க்கரைக்கும் அசைவுக்கும் தொடர்பு தேடினால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. "இந்தியர்களிடையே குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை" என்று எழுதிவிட்டுப் போவீர்கள்.

இதில் உங்கள் தமிழின் குற்றம் எதுவும் இல்லை. சொல்லுக்குச் சொல் சரியாகவே போட்டிருப்பீர்கள். ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருந்தும் பாரம் தப்பான ஆளைத் தப்பான பெட்டியில் போடும் என்பதுதான் நான் சொல்ல வருவது. அதனால்தான் திருப்பி மொழிபெயர்த்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

வாரக் கணக்குக்கு வருவோம். "கடந்த ஏழு நாள்" என்கிறீர்களே, எந்த ஏழு நாள்? தைப்பூச வாரத்தில் பினாங்குத் தமிழர் ஒருவரைப் பிடித்தால், லெபோ பினாங்கிலிருந்து இரதத்தின் பின்னால் வெறுங்காலோடு நடந்து, தண்ணீர்மலையில் 513 படியும் ஏறி இறங்கியிருப்பார். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டால் அவர் சோபாவில் இருப்பார். உங்கள் மறுசோதனை எண் சரியும். அதைப் பாரத்தின் பலவீனம் என்று எழுதிவிடாதீர்கள். அவர் உண்மையாகவே மாறியிருக்கிறார். நோன்பு மாதத்தில் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்களிடம் கேட்டாலும் இதே கதைதான், நேரமே தலைகீழாக இருக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வேலை செய்யும் பெண்களிடம் "உங்கள் வழக்கமான வாரம்" என்று கேட்டால், அவர்களுக்கு வழக்கமான வாரம் என்று ஒன்று கிடையாது. பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் ஓய்வு நாளும் சுழன்று வரும் கணக்கு ஏழு நாளுக்குள் அடங்காது.

மலாயில் பாரத்தைச் சோதிக்கும் வேலை நடந்திருக்கிறது. மலாயா பல்கலைக்கழகத்தினர் ஐபாக்கை மலாயில் சோதித்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் உடலியக்கப் பாரமான ஜிபாக்கை, உங்களில் பலர் படிக்கும் அதே யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் குபாங் கெரியான் வளாகத்தினர் மலாயில் சோதித்தார்கள். இரண்டும் நல்ல வேலை. ஆனால் மலாய் ஐபாக் சோதிக்கப்பட்டது மலாய் மக்களிடம், அதைத் தலைப்பிலேயே நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆய்வை அடிக்குறிப்பில் காட்டி உங்கள் தமிழ்ப் பாரத்துக்கு முத்திரை குத்துவது அவர்களுக்கும் நியாயமில்லை, நமக்கும் நியாயமில்லை.

சரி, சென்னையிலிருந்து வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். டாக்டர் மோகனின் மதராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை தனக்கென்று ஒரு பாரத்தையே உருவாக்கியது. நகரம், கிராமம் என்று இந்தியாவின் பல மாநிலங்களில் சோதித்து, ஒரு பகுதியினருக்கு முடுக்கமானி கட்டிப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். அவர்கள் ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த இந்தியப் பேராய்வில், தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் 14,227 பேரிடம் ஜிபாக் கொண்டு கேட்டிருந்தார்கள். 54.4 விழுக்காட்டினருக்குப் போதிய இயக்கம் இல்லை. பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்பவர்கள் பத்து விழுக்காடுகூட இல்லை. அப்படிப்பட்ட மக்களிடம் உடற்பயிற்சியை மட்டும் துருவித் துருவிக் கேட்டுப் பயனில்லை. வேலையில், வீட்டில், போக்குவரத்தில் எங்கே உடம்பு அசைகிறதோ அங்கே போய்க் கேட்க வேண்டும். அந்தப் பாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல தொடக்கம். ஆனால் அது இந்திய வாழ்க்கைக்குச் செய்த பாரம். எங்கே போனாலும் மோட்டாரில் போகிற பட்டர்வொர்த் தம்பியையும், பதினெட்டாவது மாடி பிளாட்டில் லிப்டை நம்பி இருக்கும் பாட்டியையும் அதற்குத் தெரியாது.

இனி ஆல்பா. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. உங்கள் ஆய்வேடுகளில் "குரோன்பாக் ஆல்பா 0.7ஐத் தாண்டியது, எனவே படிவம் சரி" என்ற வாக்கியத்தை அடிக்கடி பார்க்கிறேன். ஆல்பா எதற்கு? மனச்சோர்வு மாதிரி ஒரே விஷயத்தைப் பல கேள்விகளால் சுற்றிச் சுற்றிக் கேட்கும்போது, அந்தக் கேள்விகள் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றனவா என்று பார்க்க. உடலியக்க பாரம் அப்படிப்பட்டதா? ஒருவர் வேலையில் மூட்டை தூக்குவார், வீட்டுக்கு வந்தால் அசையவே மாட்டார். இன்னொருவர் நாள் முழுதும் கணினி முன்னால் இருப்பார், மாலையில் தாமான் பெலியா பூங்காவில் ஓடுவார். இவர்களின் பதில்கள் ஒன்றோடொன்று சேர்ந்து போகவேண்டிய அவசியமே இல்லை. ஆல்பா குறைந்தால் பாரம் கெட்டது என்றும் இல்லை, கூடினால் நல்லது என்றும் இல்லை. மென்பொருளில் பொத்தான் இருக்கிறது என்பதற்காக அழுத்தாதீர்கள். மேற்பார்வையாளர் கேட்டால் இதையே மரியாதையாகச் சொல்லுங்கள்.

ஒட்டுறவு எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. எல்லோரும் தாங்கள் செய்வதைப்போல இரண்டு மடங்கு சொன்னாலும் ஒட்டுறவு அழகாக வரும், வரிசை மாறாதே. எவ்வளவு கூட்டிச் சொல்கிறார்கள், அதிகம் அசைபவர் கூட்டுகிறாரா, குறைவாக அசைபவர் கூட்டுகிறாரா என்பதைத் தெரிந்துகொள்ள பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இலேயே ஓர் எளிய படத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் படம் பெரும்பாலும் அசிங்கமாகத்தான் வரும். வந்தாலும் போடுங்கள்.

கருவியைத் தெய்வமாக்கச் சொல்லவில்லை. இடுப்பில் கட்டும் முடுக்கமானிக்கும் சில விஷயங்கள் தெரியாது. சைக்கிள் மிதிப்பது அதற்குச் சரியாகப் புலப்படாது. ரொட்டி சானாய் வீசும் கையும், துணி அடித்துத் துவைக்கும் தோளும் எவ்வளவு உழைத்தாலும், இடுப்பு அசையாவிட்டால் அது கொஞ்சமாகத்தான் காட்டும். அண்டா தூக்கி நடந்தாலும் வெறுங்கையோடு நடந்தாலும் அதற்கு ஒன்றுதான். சேலை கட்டும் அம்மாக்களுக்குப் பெல்ட்டை எங்கே கட்டுவது என்பதே ஒரு கேள்வி. கொசுவத்துக்கு மேலே கட்டினால் ஆடும், உள்ளே கட்டினால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் அரிக்கும். குளிக்கக் கழற்றினால் திரும்பக் கட்ட மறந்து பூஜை அறைக்குப் போய்விடுவார்கள். "இது நாங்க பேசுறதைக் கேக்குமா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்காது என்பதைப் பொறுமையாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தமிழ் தெரிந்த நீங்கள்தான்.

ஆகவே நான் கேட்பது இது. அடுத்த தடவை "உன் மொழியில் போட்டுக் கொடு" என்று ஒரு பாரம் உங்கள் கைக்கு வந்தால், திங்கட்கிழமை முடியாது என்று சொல்லுங்கள். முதலில் கடைக்காரர், ஷிப்டு வேலைக்காரர், வீட்டில் இருக்கும் மூத்தவர் என்று சில பேருடன் தனித்தனியாக உட்காருங்கள். மருமகளையும் மகனையும் வெளியே காத்திருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை மட்டும் வாங்காமல், "இந்தப் பதிலுக்கு எப்படி வந்தீங்க, எந்த நாளை நினைச்சீங்க, எதையெல்லாம் சேர்த்தீங்க, எதை விட்டீங்க?" என்று கேளுங்கள். அந்த நாசி கண்டார் அண்ணன் எங்கே தவறிப்போகிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும், கேள்வியைத் திருத்துங்கள். அதற்குப் பிறகு பெல்ட். ஏழு நாள் கட்டச் சொல்லுங்கள். நாலு நாளாவது, நாளுக்குப் பத்து மணி நேரமாவது கட்டியிருந்தால்தான் ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். எட்டாவது நாள் பாரத்தை நிரப்புங்கள். அப்போதுதான் இரண்டும் ஒரே வாரத்தைப் பேசும். தைப்பூசமும் தீபாவளியும் நோன்பும் வராத வாரமாகப் பாருங்கள், அல்லது வேண்டுமென்றே அந்த வாரத்தையும் எடுத்துத் தனியாகக் காட்டுங்கள். படித்த, இளைய, ஆங்கிலம் தெரிந்த மாணவர்களை மட்டும் சேர்த்து எளிதாக முடித்துவிடாதீர்கள். தமிழ்ப் பாரம் யாருக்குத் தேவையோ அவர்கள் உங்கள் வளாகத்துக்குள் இல்லை.

கருவி விலை அதிகம், உதவித்தொகை போதாது, செமஸ்டர் முடிகிறது. தெரியும். வேறு துறைகளில் அலமாரியில் தூங்கும் கருவிகளைக் கடன் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் அந்த வரியையாவது மாற்றி எழுதுங்கள். "தமிழில் பெயர்க்கப்பட்டது, தமிழ் பேசுவோரிடம் ஏற்புடைமை சோதிக்கப்படவில்லை." இதை எழுதினால் தேர்வாளர் பட்டத்தைப் பறித்துவிடமாட்டார். உங்களுக்குப் பிறகு வரும் பிள்ளை, வேலை பாக்கி இருக்கிறது என்று தெரிந்துகொள்வாள். சோதித்தால், நல்ல எண்ணோ கெட்ட எண்ணோ, பாரத்தோடு சேர்த்து எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி போட்டு வையுங்கள். ஒவ்வொரு துறையிலும் ஒரு தமிழ்ப் பிள்ளை தனியாக உட்கார்ந்து அதே கேள்விகளை இன்னொரு தடவை மொழிபெயர்க்கும் கொடுமையாவது நிற்கட்டும்.

ஆள் சேர்ப்பது கஷ்டம் என்பீர்கள். அதை என்னிடம் விடுங்கள். கிளினிக்கில் என்னை "மிஸி" என்று கூப்பிட்டவர்கள் இன்னும் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோயில் அலுவலகத்திலும், கடைத்தெருவிலும், பிளாட்டுக் குடியிருப்போர் சங்கங்களிலும் பேசி வைக்கிறேன். பெல்ட் கட்டிய வாரம் முழுதும் தினம் காலை பசியாறும் நேரத்துக்கு ஒரு தடவை போன் அடித்து, "கட்டியாச்சா?" என்று கேட்கும் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கருவியோடும் திருத்திய கேள்விகளோடும் வாருங்கள். வரும்போது உங்கள் மேற்பார்வையாளரையும் ஒரு நாள் கூட்டி வாருங்கள். அந்த நாசி கண்டார் கடையில் மதிய நேரத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு